அனுபவசாலியின் ஏழு குறிப்புகளும் மாப்பிள்ளையின் கருநீலக் காரும்

பெருமதிப்பிற்குரிய வாகன மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அலுவலகத்தாரும் தங்கள் சொந்த வாகனமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் என் மனைவியும் நலம். வாகனம் நலமாக இல்லை. அது பற்றித்தான் இக்கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னிக்கவும்.

தங்கள் இதழின் நாற்பத்திரண்டாம் பக்கத்தின் அடியில், "காரைச் சுத்தம் செய்து மெருகேற்றும் வேலையில் எந்தெந்தத் தலைப்புகளுக்கு விரிவான செய்முறை வழிகாட்டி தேவை என்று வாசகர்கள் எழுதலாம்" என்று ஒரு கட்டம் போட்டிருந்தீர்கள். என்னைப் போல் இதற்குத் தகுதியான வாசகர் தங்களுக்கு வேறொருவர் கிடைக்க மாட்டார். அந்தக் கட்டத்துக்கு மேலே அதே பக்கத்தில் "ஒரே வாரத்தில் ஷோரூம் பளபளப்பு" என்ற தலைப்பில் ஏழு குறிப்புகள் வந்திருந்தன அல்லவா, ஒவ்வொன்றும் ஒரே வரியில், கீழே "அனுபவசாலி" என்ற புனைபெயரோடு? அந்த ஏழையும் நான் செய்து முடித்துவிட்டேன். வரிக்கு வரி, ஒன்று விடாமல்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு வருடம் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று ஓய்வு பெற்றவன். எல்லாருக்கும் கம்பவுண்டர். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைக் கொடுப்பவன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன், "இது எதற்கு டாக்டர்" என்று கேட்கவும் மாட்டேன். எந்த வேளை என்று டாக்டர் எழுத மறந்திருந்தால் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை உறையில் எழுதிவிடுவது எங்கள் ஜன்னலின் பழக்கம். இந்தப் பழக்கத்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

இனி கார். அது என் மாப்பிள்ளையுடையது. கருநீலம், வாங்கி ஒன்றரை வருடம். மாப்பிள்ளை ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அதாவது பழுது கண்டுபிடிப்பதுதான் அவருக்குச் சம்பளம். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தால்கூட உட்காரும் முன் நாற்காலியின் காலை ஒரு பார்வை பார்ப்பார். நல்ல மனுஷர், குறை சொல்ல முடியாது. ஆனால் கல்யாணமாகி மூன்று வருடமாகியும் என்னை அவர் ஒரு தடவைகூட "மாமா" என்று கூப்பிட்டதில்லை. "சார்" என்றுதான் கூப்பிடுகிறார். காரணம் நான்தான். பல வருடம் முன்பு காய்ச்சலோடு மருந்து வாங்க வந்த ஒரு பையன் வரிசையை விட்டு வந்து ஜன்னலில் தலையை நீட்டினான். "வரிசைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? பின்னால போ" என்று அதட்டி அனுப்பினேன். அந்தப் பையன்தான் பிறகு என் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்றால் நான் என்ன செய்ய? அன்றைக்குச் சொன்ன "சரி சார்" இன்னும் அவர் வாயிலேயே தங்கிவிட்டது. என் மனைவியை அத்தை என்கிறார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரைக்கூட மாமா என்கிறார். என் பெண்ணிடம் கேட்டால், "விடுங்கப்பா, பழகிடுச்சு" என்கிறாள். அவளுக்குப் பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை.

இப்படியிருக்கையில் பத்து நாள் பயிற்சிக்காக மாப்பிள்ளை வெளிநாடு போக வேண்டி வந்தது. பெண்ணும் கூடப் போனாள். போகும்போது கார்ச் சாவியை என் கையில் வைத்து, "பத்திரமா பார்த்துக்குங்க சார்" என்றார். வேறு யாருக்கும் அவர் அந்தச் சாவியைக் கொடுத்ததில்லை. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், அவர் திரும்பி வரும்போது இந்தக் காரைப் பார்த்த மாத்திரத்தில் அவர் வாயிலிருந்து "மாமா" வந்தாக வேண்டும் என்று.

காரின் முன்கதவுப் பையைத் திறந்தேன். தங்கள் இதழ் இருந்தது. நாற்பத்திரண்டாம் பக்கம் மடித்து வைக்கப்பட்டு, அந்த ஏழு குறிப்புகளைச் சுற்றிப் பேனாவால் ஒரு பெரிய வட்டம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. இதையெல்லாம் செய்ய வேண்டும் என்று பாவம் அந்தப் பிள்ளைக்கு ஆசை, வேலைப் பளுவில் நேரமில்லை. மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லாத சுபாவம். இதழோடு தங்கள் இதழின் முத்திரை போட்ட மஞ்சள் துடைப்புத் துணி ஒன்றும் உறை பிரிக்காமல் இருந்தது. சந்தாதாரர்களுக்குக் கொடுத்திருப்பீர்கள் போலும். நல்ல துணி. அதைக் கொண்டுதான் வேலையை ஆரம்பித்தேன்.

முதல் குறிப்பு, "நன்றாக நுரை வரக் கழுவவும்." எதனால் என்று இல்லை, எத்தனை வேளை என்றும் இல்லை. பாத்திரம் தேய்க்கும் திரவத்தை அளவுக் குப்பியில் அளந்து ஊற்றி, காலை ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை கழுவினேன். மதியம் வெயில் மண்டையைப் பிளந்தது. இந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றி அந்தப் பக்கம் போவதற்குள் நுரை அப்படியே காய்ந்து, கார் முழுக்க வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி. கருநீலக் கார் அம்மை போட்ட மாதிரி நின்றது. என் மனைவி வந்து பார்த்துவிட்டு, கொடியில் காய்ந்த தன் புடவைகளை அவசரமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆகவே ஐயா, முதல் தலைப்பைக் குறித்துக்கொள்ளவும்: காரைக் கழுவுவது எப்படி. எந்த சோப்பு, எத்தனை வாளி, எந்த நேரத்து நிழல், எத்தனை வேளை. குறைந்தது நான்கு பக்கம் போடுங்கள், படத்தோடு.

புள்ளிதானே, இரண்டாம் குறிப்பில் போய்விடும் என்று தைரியமாக இருந்தேன். "களிமண்ணால் தேய்த்தால் பெயின்ட் கண்ணாடி போல் ஆகும்." இதைப் படித்ததும் எனக்கே சற்றுத் திடுக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டர் எழுதியதை நான் என்றைக்குக் கேள்வி கேட்டேன்? செடி விற்கும் கடைக்குப் போய் இரண்டு கிலோ களிமண் வாங்கிவந்து, குழைத்து, உருட்டி, மூன்று வேளை தேய்த்தேன். மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பானெட்டிலிருந்து டிக்கி வரை, சிலந்தி குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் தங்கி வலை பின்னின மாதிரி கீறல். இதற்கென்றே கையில் ஒட்டாத, மணல் இல்லாத, சின்னக் கட்டியாக ஒரு களிமண் தனியாக விற்கிறதாமே? வழவழப்பான திரவம் தெளித்துக்கொண்டுதான் தேய்க்க வேண்டுமாமே? இதை ஒரு வரி சேர்த்துப் போட உங்கள் அனுபவசாலிக்கு மை தீர்ந்துவிட்டதா? இரண்டாம் தலைப்பு இது. இதற்கு எட்டுப் பக்கம்.

மூன்றாவது முன்விளக்கு. "மங்கலான முன்விளக்குக்குப் பற்பசை தடவவும்." பற்பசை என்பதால் இதற்கு மட்டும் இரண்டு வேளை போதும் என்று நானே முடிவு செய்தேன். என் மனைவியின் பற்பசையில் பரபரவென்று துகள் இருக்கும், நன்றாகத் தேயும் என்று அதையே எடுத்தேன். முதல் நாள் விளக்கு உண்மையிலேயே பளிச்சென்று ஆயிற்று. சந்தோஷத்தில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டாம் நாள் கண்புரை விழுந்த கண் மாதிரி இரண்டு விளக்கும் வெளுத்துப்போயின. அதை நான் ஆஸ்பத்திரியில் தினம் பார்த்தவன். ஆனாலும் விடவில்லை. சீட்டில் ஏழு மருந்து எழுதியிருந்தால் ஏழையும் சாப்பிட்டால்தானே குணமாகும்?

நான்காவது, "டாஷ்போர்டுக்குச் சிறிது எண்ணெய் பூசவும்." இங்கே அளவு சொல்லியிருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தது. மூட்டுவலிக்குத் தடவும் எண்ணெய் அரைப் புட்டி இருந்தது. டாஷ்போர்டு, கதவு, கியர், ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் சிறிது சிறிதாக மூன்று வேளை. பளபளப்பு என்றால் அப்படியொரு பளபளப்பு. வாசலில் நின்ற காரை நிழலுக்கு மாற்றலாம் என்று ஏறி உட்கார்ந்தேன். டாஷ்போர்டு முழுக்க கண்ணாடியில் தெரிகிறது, தெரு தெரியவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கைதான் திரும்புகிறது. கார் தன் பாட்டுக்கு நேராகப் போய் எங்கள் வாசல் பூந்தொட்டியை இடித்து நின்றது. என் மனைவி ஓடிவந்து, "என்னங்க, அடி பட்டுச்சா?" என்றாள். எனக்கு இல்லை என்றேன். "உங்களைக் கேக்கல, காரைக் கேட்டேன்" என்றாள். பம்பரில் ஒரு சின்னப் பள்ளம்தான். நம்பர் பலகை மேல்நோக்கிப் பார்க்கிறது.

இருக்கை பற்றிய ஐந்தாம் குறிப்பை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. "ஷாம்பு போட்டு ஊறவிடவும்." எவ்வளவு நேரம் என்று இல்லை. ஊறவிட்டேன். தூசி விழக்கூடாதே என்று நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு வாடை என் முகத்தில் அறைந்தது. ஈரக் கோணிக்குள் போட்டுக் கட்டிய பழைய பூட்ஸ் போல ஒரு நாற்றம். இருக்கையை அழுத்தினால் நுரை. காலடி விரிப்பைத் தூக்கினால் அடியில் குளம். என் மனைவி தலை உலர்த்தும் மெஷினைக் கொடுக்க மறுத்துவிட்டாள். மூன்று நாளாக எங்கள் வீட்டு மின்விசிறி காருக்குள்தான் ஓடுகிறது, நாங்கள் வியர்த்துக்கொண்டிருக்கிறோம். இருக்கையைத் துவைப்பதைவிட முக்கியமாக, அதை உலர்த்துவது எப்படி என்று ஒரு முழு வழிகாட்டி வேண்டும் ஐயா. நுரையை வெளியே எடுப்பதைப் பற்றி யாரும் எழுதுவதே இல்லை.

ஆறாவதுதான் என்னைச் சாய்த்தது. பின்பக்கம் பழைய ஸ்டிக்கர் ஒன்றின் பசைக்கறை இருந்தது. "பசைக்கறைக்கு நகப்பூச்சு அகற்றும் திரவம்." பஞ்சில் நனைத்து, புண்ணுக்கு மருந்து வைக்கிற பக்குவத்தோடு வைத்தேன். கறை போயிற்று. அதோடு பெயின்டும் போயிற்று. பஞ்சைப் பார்த்தேன், கருநீலம். காரைப் பார்த்தேன், உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ விபத்து பார்த்தவன் ஐயா நான், ரத்தம் பார்த்து ஒருநாளும் தலை சுற்றியதில்லை. அந்தப் பஞ்சைப் பார்த்துச் சுற்றியது. என் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு, "போதும், இதோட நிறுத்துங்க" என்றாள். ஆறு மருந்து சாப்பிட்டுவிட்டு ஏழாவதை விடச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது.

ஏழாவது குறிப்பு முழுவதுமே இவ்வளவுதான்: "எஞ்சினையும் மறந்துவிட வேண்டாம்." நான் மறக்கவில்லை. மூடியைத் தூக்கிவைத்து ரப்பர் குழாயால் மூன்று வேளை அடித்தேன். நேற்று சாவியைத் திருப்பினேன். கார் ஒரு தடவை இருமியது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தவர் காரை ஒரு சுற்று சுற்றினார், கீறலைத் தடவினார், விளக்கைப் பார்த்தார், வழுக்கையைப் பார்த்தார், கதவைத் திறந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு மூடினார். "வெள்ளத்துல போன வண்டியா பெரியவரே?" என்று கேட்டார். இல்லை, கழுவினேன் என்றேன். பிறகு எஞ்சினுக்குள் கையை விட்டு எதையெதையோ கழற்றி ஊதித் துடைத்து, மாலையாகும்போது எப்படியோ ஓட வைத்துவிட்டார். எந்தெந்த இணைப்பை மூடிவிட்டு எஞ்சினைச் சுத்தம் செய்ய வேண்டும், எங்கே தண்ணீரே படக்கூடாது என்றெல்லாம் அவர் சொன்னதைக் கேட்டால் அதுவே தனிப் புத்தகம் போடலாம். யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று கேட்டார். தங்கள் இதழைக் கொண்டுவந்து காட்டினேன். ஏழையும் படித்துவிட்டு, காரின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"இந்த அனுபவசாலியோட வண்டி எந்தக் கதியில இருக்குன்னு ஒரு தடவையாவது பார்க்கணும் பெரியவரே" என்றார்.

எனக்கும் அதே ஆசைதான். ஆசிரியர் அவர்களே, என் கோரிக்கையைத் தெளிவாக எழுதுகிறேன். மேலே சொன்ன தலைப்புகளில் வழிகாட்டி போடுவது தங்கள் கடமை. அதற்கு முன் அந்த ஆளின் பெயரையும் முகவரியையும் எனக்கு அனுப்பி வையுங்கள். அவன் வாழ்நாளில் ஒரு வாளியைத் தொட்டிருக்க மாட்டான். ஈரத்துணியைக் கையில் பிடித்திருக்க மாட்டான். அவனைப் பெற்றவர்களோ பெண் கொடுத்தவர்களோ இருந்தால் அவர்களை நிற்க வைத்து இரண்டு வார்த்தை கேட்க வேண்டும், இப்படியா ஒரு பிள்ளையை நடமாட விடுவது என்று.

இன்று காலை மாப்பிள்ளை தொலைபேசியில் பேசினார். பயிற்சி சீக்கிரம் முடிந்துவிட்டதாம், நாளைக் காலையே வருகிறார்களாம். "வண்டி எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார். "சுத்தமா இருக்கு மாப்பிள்ளை" என்றேன். போனை வைத்ததிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு அந்த டார்ச் வெளியே வரும். மாமா என்கிற வார்த்தை எனக்கு இனி இந்த ஜென்மத்தில் இல்லை. சார் என்பதாவது மிஞ்சுமா, அல்லது அதுவும் போய் வெறும் தொண்டைச் செருமலோடு நின்றுவிடுமா என்பதுதான் என் கவலை.

தங்கள் இதழ் மேன்மேலும் வளரவும், தங்கள் வாகனம் தண்ணீர் படாமல் நீடூழி ஓடவும், தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும் கூறி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் இதழை இனி தூரத்திலிருந்து படிக்கப்போகும்,
ஓய்வு பெற்ற கம்பவுண்டர்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் பொழுது விடிந்து மாப்பிள்ளை வந்துவிட்டார். பெண் நேராக உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். மாப்பிள்ளை நேராகக் காரிடம் போனார். டார்ச் வெளியே வந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. வழுக்கைக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை. எதையும் மறைக்கக்கூடாது என்று இதழை நீட்டி, "நீங்க வட்டம் போட்டு வச்சிருந்தீங்களே மாப்பிள்ளை, ஆசைப்பட்டு வச்சிருக்கீங்கன்னு நினைச்சு ஏழையும் செஞ்சுட்டேன்" என்றேன். இதழைப் பார்த்ததும் அவர் முகம் பேயறைந்தது போல ஆயிற்று. டார்ச்சை அணைத்தார். என் பெண் எழுந்துவிட்டாளா என்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். என் பக்கத்தில் வந்து மெதுவாக, "மாமா, அது ஆசைப்பட்டுப் போட்ட வட்டமில்ல. அந்த அனுபவசாலி நான்தான். சாப்பாட்டு நேரத்துல சும்மா எழுதிப் போட்டேன், சிறந்த குறிப்புன்னு அந்த மஞ்சள் துணியை அனுப்பிட்டாங்க" என்றார்.

ஐயா, தரப் பரிசோதகர். நாற்காலிக் காலைச் சோதிக்கிறவர். எனக்கு இந்த வாரம் முழுவதும் வந்த அதிர்ச்சியெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இதில் எதையாவது நீங்கள் செய்து பார்த்ததுண்டா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

எனவே மேலே அவர் பெயரும் முகவரியும் கேட்டிருப்பதை ரத்து செய்யவும். முகவரி என்னிடம் இருக்கிறது. வாளியைத் தொட்டிருக்க மாட்டான் என்று எழுதியதை அடித்துவிடவும், அது உண்மைதான் என்றாலும். பெண் கொடுத்தவர்களைக் கேட்பேன் என்றதையும் நீக்கிவிடவும், அதற்கு நான் கண்ணாடி முன்னால்தான் நிற்க வேண்டும். கடிதத்தைத் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம். என் பெண் தங்கள் இதழைப் படிப்பதில்லை, இருந்தாலும் படித்துவிட்டால் எனக்கும் மாப்பிள்ளைக்கும் வீட்டில் இடமில்லை. அவளிடம் பூந்தொட்டி தானாக வந்து இடித்ததாகச் சொல்லியிருக்கிறோம். அவள் நம்பவில்லை.

வழிகாட்டிகளை மட்டும் அவசியம் போடுங்கள். அனுபவசாலி என்ற பெயரில் இனி ஏதாவது வந்தால் அச்சுக்குப் போகும் முன் எனக்கு அனுப்பிவையுங்கள், அளவும் வேளையும் நான் போட்டுத் தருகிறேன். மதியம் எஞ்சினைக் கிளப்பப் பயந்து இருவருமாகக் காரை நிழலுக்குத் தள்ளும்போது "மெதுவா தள்ளுங்க மாமா" என்றார். மாலை கிளம்பும்போது "போயிட்டு வரேன் மாமா" என்றார். ஆக இன்றைக்குக் காலை ஒன்று, மதியம் ஒன்று, மாலை ஒன்று.